நடுநிலையும் ஒரு தட்டு பானிபூரியும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஒட்டடை அடிச்சுட்டு, பாஸ்வேர்டை மூணு தடவை தப்பாப் போட்டு, ஒருவழியா உள்ள வந்திருக்கேன். இன்னும் யாராவது படிக்கிறீங்களான்னு தெரியலை. படிச்சா ஒரு பின்னூட்டம் போட்டுட்டுப் போங்க, புண்ணியமாப் போகும் :)

வந்ததுக்குக் காரணம் அக்கா பையன். காலேஜ் முதல் வருஷம். போனைத் தூக்கிக்கிட்டு கடை கடையாப் போய் சாப்பிட்டு, நல்லாருக்கு நல்லால்லைன்னு ஒரு நிமிஷ வீடியோ போடுறான். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் ஒண்ணைக் காட்டினான். ஒரு தள்ளுவண்டிக் கடை. தோசை கல்லோட ஒட்டிக்கிட்டு, கருகி, பிஞ்சு பிஞ்சு வருது. கடைக்காரர் சுரண்டி எடுக்கிறார். பின்னாடி சோக மியூசிக், நடுவுல வடிவேலு சிரிப்பு. நானும் நல்லாச் சிரிச்சேன்.

சிரிச்சு முடிச்சுட்டு, "அப்புறம் அவர் வேற தோசை போட்டுத் தரலையாடா?"ன்னு கேட்டேன்.

"தந்தாரு மாமா. அது சூப்பரா இருந்துச்சு. அதையும் போட்டா வீடியோ புஸ்ஸுன்னு போயிடும்ல? ரெண்டு பக்கமும் காட்டுறதுக்கு நான் என்ன பத்திரிகையா? என் சேனல், என் கருத்து. புடிச்சவங்க பாக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவன் எதிர்த்துப் பேசினதால இல்லை. இதே வசனத்தை, சேனல்ங்கிற இடத்துல பதிவுன்னு போட்டு, 2009-ல நானே எழுதியிருக்கேன். அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசாச் சொன்னதில்லை.

அப்ப கோயம்புத்தூர்ல வேலை. ஆபீஸ் பக்கத்துத் தெருவுல ஒரு மெஸ். ஒரு அக்கா நடத்திக்கிட்டிருந்தாங்க. அவங்களும், அவங்க வீட்டுக்காரரும், பரிமாற ஒரு பையனும், அவ்வளவுதான் மொத்த சாம்ராஜ்யமும். மதியச் சாப்பாட்டுக்கு எட்டு மாசமா அங்கதான் போவேன். ரசம் பிரமாதமா இருக்கும். ஒருநாள் ராத்திரி எனக்கு வயிறு கலக்கி, வாந்தி எடுத்து, விடியக்காலை டிரிப்ஸ் ஏத்துற அளவுக்குப் போயிடுச்சு. மறுநாள் கொஞ்சம் தெளிஞ்சு உக்காந்ததும் செஞ்ச முதல் வேலை, பதிவு எழுதினது. தலைப்பு: 'மெஸ்ஸா? மார்ச்சுவரியா?'. கடை பேரு, தெரு பேரு, செல்போன்ல எடுத்து வச்சிருந்த போர்டு போட்டோ எல்லாம் சேர்த்து, நல்ல மசாலா போட்டு எழுதினேன். எழுபதுக்கு மேல பின்னூட்டம். என் வாழ்நாள் சாதனை அது. துபாய்ல இருந்த ஒரு நண்பர், அந்தக் கடையை ஜென்மத்துல பாத்திருக்க மாட்டார், "இவங்களையெல்லாம் உள்ள தூக்கிப் போடணும் தல"ன்னு பொங்கினார். ரெண்டு அனானிங்க வந்து கரப்பான்பூச்சி, எலின்னு அவங்க பங்குக்குக் கோத்து விட்டுட்டுப் போனாங்க.

நான் எழுதாம விட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, அன்னைக்கு மதியம் என்னோட அதே மெஸ்ல அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே ஆகலை. ரெண்டு, அன்னைக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் கிட்ட ஒரு தள்ளுவண்டியில நான் ஒரு தட்டு பானிபூரி சாப்பிட்டேன்.

எழுதும்போது ரெண்டுமே ஞாபகத்துல இருந்துச்சு. எழுதினா பதிவோட வேகம் போயிடும்னு விட்டுட்டேன். பொய் ஒண்ணும் சொல்லலையேன்னு மனசுக்குள்ள ஒரு சமாதானம் வேற. ஒரு அனானி மட்டும், "அன்னைக்கு வேற எதுவும் சாப்பிடலையா நண்பரே?"ன்னு மரியாதையாக் கேட்டிருந்தார். அந்தப் பின்னூட்டத்தை நான் வெளியிடலை.

பதிவு மெயில்ல சுத்தி, பக்கத்துக் கம்பெனிகள் வரைக்கும் போச்சு. அங்க இருந்து தினமும் நாப்பது சாப்பாடு வாங்கிக்கிட்டிருந்த ஒரு ஆபீஸ் நிறுத்திடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அந்த அக்கா என்னைத் தெருவுல பாத்துக் கூப்பிட்டாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன்.

"தம்பி, எம் பையன் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டினானுங்க. எட்டு மாசமா நம்ம கடையில உண்டிருக்கீங்க. ஒடம்புக்கு முடியலைன்னா நேரா வந்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே."

அப்புறம் ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, "அன்னிக்கு வேறெங்கியும் சாப்புடலீங்களா தம்பி?"

"இல்லக்கா"ன்னு சொன்னேன்.

அன்னைக்கு ராத்திரி பதிவைச் சத்தமில்லாம அழிச்சேன். விளக்கமும் போடலை, மன்னிப்பும் கேக்கலை. என் பக்கத்துல அழிஞ்சுதே தவிர மெயில்ல சுத்தினது சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. அடுத்த வருஷம் மெஸ் மூடியாச்சு. என்னாலதான்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது.

ரொம்பப் பின்னாடி ஒரு டாக்டர் நண்பர் சொன்னார். வயித்தைக் கெடுக்கிற கிருமிகள்ல சிலது ஒரு மணி ரெண்டு மணி நேரத்துலயே வேலையைக் காட்டிடுமாம், சிலதுக்கு ரெண்டு மூணு நாள் கூட ஆகுமாம். நாமளோ கடைசியா எங்க சாப்பிட்டோமோ, இல்லை யார் மேல பழி போட வசதியோ, அவங்க மேல போட்டுடுறோம். அதாவது மெஸ்ஸும் இல்லாம பானிபூரியும் இல்லாம, முந்தாநாள் எங்க வீட்டுல நானே பண்ணின உப்புமாவாக் கூட இருந்திருக்கலாம் :(

அந்தக் காலத்துல "எனக்கு எடிட்டரே கிடையாது"ன்னு நான் பெருமையாச் சொல்லிக்குவேன். இப்ப யோசிச்சா அது தப்பு. எடிட்டர் இருந்தார். பானிபூரியை வெட்டினது யாரு? கூட சாப்பிட்ட ரெண்டு பேரை வெட்டினது யாரு? அந்த அனானியோட கேள்வியை நிறுத்தி வச்சது யாரு? எல்லாம் நானேதான். கத்திரிக்கோல் இல்லாம யாரும் எழுதுறதில்லை. அந்தக் கத்திரி வாசகருக்காக வெட்டுதா, நமக்காக வெட்டுதா? எனக்கு அது ஒண்ணுதான் கேள்வியாப் படுது.

இதுக்கு உலகமே பாத்த ஒரு உதாரணம் இருக்கு. 2010 ஜூலைல அமெரிக்காவுல ஆண்ட்ரூ பிரைட்பார்ட்னு ஒருத்தர் தன்னோட தளத்துல ரெண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஓடுற ஒரு வீடியோவைப் போட்டார். ஷெர்லி ஷெராட்ங்கிற கறுப்பினப் பெண், அந்நாட்டு விவசாயத் துறையில ஜார்ஜியா மாநிலக் கிராம வளர்ச்சிப் பிரிவுக்கு இயக்குநர். ஒரு கூட்டத்துல பேசுறாங்க. பல வருஷம் முன்னாடி கடன்ல நிலம் போகப்போற நிலையில உதவின்னு வந்த ஒரு வெள்ளைக்கார விவசாயிக்கு, என்னால முடிஞ்ச அளவு முழுசா நான் உதவலைன்னு சொல்றாங்க. பெரும்பாலும் அவ்வளவுதான் வீடியோ. அன்னைக்கே அவங்க வேலை போச்சு. கார் ஓட்டிக்கிட்டிருந்தவங்களுக்குப் போன் பண்ணி ராஜினாமா கேட்டாங்க. கறுப்பின மக்களோட உரிமைக்காக 1909-ல இருந்து இயங்குற அமைப்பே, அதுவும் அந்தக் கூட்டத்தை நடத்தினதே அதோட கிளைதான், அவங்களைக் கண்டிச்சு அறிக்கை விட்டுச்சு.

மறுநாள் முழு வீடியோ வந்துச்சு. நாப்பது நிமிஷத்துக்கு மேல. அவங்க அப்பாவை 1965-ல ஒரு வெள்ளைக்கார விவசாயி சுட்டுக் கொன்னுருக்கார், யாருக்கும் தண்டனை இல்லை. அப்படிப்பட்டவங்க, இல்லாதவன் எந்த நிறமா இருந்தாலும் இல்லாதவன்தான்னு எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொன்ன பேச்சு அது. அந்த விவசாயியோட நிலத்தைக் காப்பாத்திக் கொடுத்ததே அவங்கதான். அந்த விவசாயியும் மனைவியுமே டிவில வந்து அதைச் சொன்னாங்க. விவசாய அமைச்சர் மன்னிப்புக் கேட்டார், வேற வேலை தர்றோம்னார், ஒபாமா போன் பண்ணிப் பேசினார். அந்த அம்மா வேலையை ஏத்துக்கலை. 2011-ல பிரைட்பார்ட் மேல வழக்குப் போட்டாங்க, அவர் 2012-ல இறந்துட்டார், 2015-ல சமரசமா முடிஞ்சுது.

கவனிச்சீங்களா, அந்த வீடியோவுல வர்ற பேச்சுல ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. எல்லாம் அந்த அம்மா வாயில இருந்து வந்ததுதான். என் பதிவுலயும் பொய் இல்லை. அங்க வெட்டுப்பட்டது நாப்பது நிமிஷம், நான் வெட்டினது ஒரு தட்டு பானிபூரி. சைஸ்தான் வேற.

சரி, அப்ப ரெண்டு பக்கமும் எழுதிட்டா தீந்துதான்னு கேட்டா, அந்தப் பரிசோதனையும் பண்ணிப் பாத்தாச்சு. மெஸ் விவகாரத்துக்கப்புறம் நான் பயங்கர நடுநிலைவாதி ஆயிட்டேன். எதை எழுதினாலும் "ஒரு சாரார் இப்படிச் சொல்கிறார்கள், மறு சாரார் அப்படிச் சொல்கிறார்கள், முடிவு உங்கள் கையில்" டைப். யாரும் திட்ட மாட்டாங்க. பின்னூட்டத்துல "அருமையான நடுநிலையான அலசல்"னு பூ தூவுவாங்க. சொகுசு.

2017 பிப்ரவரி. தமிழ்நாட்டுல தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் ஆரம்பிச்சாங்க, 9 மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும். வாட்ஸ்அப்ல புரளி பறந்துச்சு. ஊசி போட்டா மலட்டுத்தன்மை, வெளிநாட்டுச் சதின்னு. நான் உக்காந்து அழகா ஒரு பதிவு எழுதினேன். டாக்டர்கள் சொல்றது நாலு பத்தி, வாட்ஸ்அப்காரங்க சொல்றது நாலு பத்தி. கடைசில வழக்கம்போல முடிவு உங்கள் கையில்.

ரெண்டு நாள்ல என் சொந்த அக்கா போன் பண்ணுச்சு. "நீ எழுதினதைப் படிச்சேன்டா. ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்கும்போல. எதுக்கு வம்புன்னு ஸ்கூல்ல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

தட்டம்மைக்கு ஊசி கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி, அதாவது 1963-க்கு முன்னாடி, உலகத்துல வருஷத்துக்கு சுமார் 26 லட்சம் பேரை அந்த நோய் கொன்னுச்சு. ரூபெல்லா கர்ப்பிணிகளுக்கு வந்தா குழந்தைக்குக் கண்ணு, காது, இதயம் பாதிக்கலாம். இதெல்லாம் எனக்கு அந்தப் பதிவை எழுதும்போதே தெரியும். எது சரின்னு எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இருக்கிற மாதிரி நடிச்சேன், அவ்வளவுதான். தராசுல ஒரு தட்டுல எடைக்கல்லும் இன்னொரு தட்டுல காத்தையும் வச்சு, முள்ளைக் கையால பிடிச்சு நடுவுல நிறுத்திட்டு, பாருங்க எவ்வளவு நேர்மையான தராசுன்னேன். நல்லவேளை, முகாமை மார்ச் வரைக்கும் நீட்டிச்சாங்க. ஒரு மணி நேரம் போன்ல கெஞ்சினதுக்கப்புறம் அக்கா சம்மதிச்சுது. அன்னைக்கு ஊசி போட்டுக்கிட்டு அழுத ஒன்பது வயசுப் பையன்தான் இப்ப தோசை வீடியோ போடுறான்.

பெரிய பெரிய ஆளுங்களே இதுல சறுக்கியிருக்காங்க. பருவநிலை மாற்றத்தைப் பத்திப் பேச ஒரு விஞ்ஞானியைக் கூப்பிட்டா, சமநிலைக்காக அதை மறுக்கிறவர் ஒருத்தரையும் கூப்பிட்டு உக்கார வைக்கிற பழக்கம் பிபிசிக்கு இருந்துச்சு. 2018-ல, அப்படிப் பண்ணத் தேவையில்லை, இதுவரைக்கும் நாம அடிக்கடி தப்பாப் பண்ணியிருக்கோம்னு ஊழியர்களுக்கு எழுதினாங்க. போன சனிக்கிழமை மேட்ச்ல ஒரு டீம் 2-0 ஜெயிச்சா, ஜெயிக்கவே இல்லைன்னு சொல்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வருவோமாங்கிற மாதிரி அதுல ஒரு உதாரணம் வேற.

ஆக, என் ரெண்டு தப்பும் ஒரே தப்புதான். மெஸ் பதிவுல எனக்குத் தெரிஞ்சதை வெட்டினேன். ஊசிப் பதிவுல எனக்கே நம்பிக்கை இல்லாததை ஒட்டினேன். ரெண்டுலயும் வாசகர் கைக்குப் போனது எனக்குத் தெரிஞ்சது இல்லை.

அப்ப தனியா எழுதுறவன் வாசகனுக்கு என்னதான் கடன்பட்டிருக்கான்? 2007-ல டிம் ஓ'ரெய்லி பதிவர்களுக்குன்னு ஒரு நடத்தை விதி எழுதிப் பாத்தார். ஒரு பெண் பதிவருக்கு வந்த கொலை மிரட்டலுக்குப் பின்னாடி வந்த முயற்சி அது. நாகரிகம் காக்கப்படும்னு சொல்றவங்களுக்கு ஷெரிஃப் நட்சத்திரம், எதுவும் நடக்கும்ங்கிறவங்களுக்கு டைனமைட் குச்சின்னு பக்கத்துல ஒட்டிக்க பேட்ஜ் கூட யோசிச்சாங்க. எல்லாரும் கிண்டல் பண்ணித் தள்ளிட்டாங்க. நானும்தான். ஆனா அதுல ஒரு விதி மட்டும் இன்னைக்கு உறுத்துது. நேர்ல சொல்ல முடியாததை இணையத்துல சொல்ல மாட்டோம்ங்கிறது. 'மெஸ்ஸா மார்ச்சுவரியா'ன்னு அந்த அக்கா முகத்தைப் பாத்து என்னால கேட்டிருக்க முடியுமா?

சட்டம் இருக்கேம்பீங்க. இருக்கு. இ.பி.கோ. 499-னு இருந்த அவதூறுப் பிரிவு 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 356 ஆயிருக்கு. வெறும் உண்மைன்னு சொன்னாலும் பத்தாது, அதை வெளியிடுறதுல பொது நன்மை இருக்கணும். ஆனா நாம யாருக்குப் பயந்து இதெல்லாம் யோசிக்கிறோம்? வக்கீல் நோட்டீஸ் அனுப்பக் கூடிய ஆளைப் பத்தி எழுதும்போது பத்து தடவை பாக்குறோம். பேரை மாத்தி, 'அந்தப் பிரமுகர்'னு பூசி மெழுகுறோம். மெஸ் அக்கா, தோசைக்காரர், ஆட்டோக்காரர், பக்கத்து வீட்டுக்காரர்னா பேரு, ஊரு, போட்டோ எல்லாம் தாராளம். அடக்கம் எங்க அதிகமா வேணுமோ அங்க ஒரு சொட்டு கூடக் கிடையாது. உண்மையில தலைகீழாத்தான் இருக்கணும்.

எனக்குன்னு மூணு பழக்கம் வச்சுக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கும் பொருந்தினா எடுத்துக்கோங்க. ஒண்ணு, கோபமா எழுதலாம், ஒருபக்கமா எழுதலாம், தப்பே இல்லை. ஆனா எனக்கு எதிரா எனக்கே தெரிஞ்ச உண்மையை வெட்டக்கூடாது. அதை எழுதினப்புறமும் கோபம் நிக்குதுன்னா அது நியாயமான கோபம். ரெண்டு, பேர் போட்டு எழுதுறதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேக்குறது. மெஸ் ஆபீஸ்ல இருந்து நூறடி தூரம்தான் இருந்துச்சு. மூணு, தப்புன்னு தெரிஞ்சா சத்தமில்லாம அழிக்காம, எங்க சொன்னேனோ அங்கேயே திருத்தம் போடுறது. இதுக்குன்னே தனியா ஒருத்தரை கார்டியன் 1997-லயும் இந்து 2006-லயும் நியமிச்சாங்க. நமக்கு நாமேதான்.

இதையெல்லாம் அக்கா பையன்கிட்டயும் சொன்னேன். ஊசிக் கதையைக் கேட்டுச் சிரிச்சான். மெஸ் கதைக்குச் சிரிக்கலை. "அந்த ரெண்டாவது தோசை கிளிப் இன்னும் போன்லதான் இருக்கு மாமா, பாக்கலாம்"னு சொல்லிட்டுப் போனான். போட்டானான்னு இன்னும் பாக்கலை.

அவனுக்கு உபதேசம் பண்ணிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? அதான் ஒட்டடை அடிச்சேன்.

திருத்தம்: 2009-இல் இந்தப் பக்கத்தில் கோயம்புத்தூர் மெஸ் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். அன்று மதியம் என்னுடன் அங்கே சாப்பிட்ட இருவருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. அன்று மாலை நான் வேறோர் இடத்தில் பானிபூரி சாப்பிட்டேன். எதனால் என் உடம்பு கெட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதியது தவறு. இதைச் சுட்டிக்காட்டிக் கேட்ட ஒருவரின் பின்னூட்டத்தை வெளியிடாததும், அந்த அக்கா நேரில் கேட்டபோது இல்லையென்று சொன்னதும் தவறு. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

டிஸ்கி: அந்தப் பழைய பதிவு மெயில்ல வந்து இன்னும் யார்கிட்டயாவது இருந்தா, இதையும் அதுகூடச் சேர்த்து வச்சுக்கோங்க. அந்த அனானி நண்பர் இதைப் படிச்சா ஒரு சத்தம் குடுங்க. இந்தத் தடவை உங்க பின்னூட்டம்தான் முதல்ல வெளிவரும்.